முன்வரிசையின் ஆசான்

அமெரிக்கர் ஃபுட்பால் என்று அழைக்கும் விளையாட்டு, நாம் பள்ளித் திடலில் ஆடும் கால்பந்தாட்டம் அன்று. அவர்களுடைய பந்து இருமுனையும் கூர்மையானது. அதனைக் கையில் ஏந்தி ஓடுவர், எறிந்து பிடிப்பர், உதைப்பது அரிது. ஓர் அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமேனும் முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிட்டும். இல்லையேல் பந்து எதிரணியிடம் சென்றுவிடும். பந்துடன் எதிரணியின் இறுதிக்கோட்டைக் கடந்தால் ஆறு புள்ளிகள். அதற்கு டச்டவுன் என்று பெயர்.

இவ்வாட்டத்தில் ஐவரின் பணி மட்டும் தனித்தன்மை உடையது. பந்தை வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் அருகருகே குனிந்து நிற்பவர்கள் அவர்கள். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்டு எனப்படும் இருவர். அவர்களுக்கு அப்பால் டேக்கிள் எனப்படும் இருவர். சென்டர் தம் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் நிற்கும் குவாட்டர்பேக்கிடம் தந்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பார். அதன்பின் இந்த ஐவரும் வழக்கமாகப் பந்தைத் தொடுவதில்லை. பாய்ந்து வரும் எதிரணியினரை மறித்து, பந்தை ஏந்தி ஓடுபவருக்கு வழி உண்டாக்குவதே அவர்கள் கடமை. ஓடியவரின் பெயரை அரங்கம் முழங்கும். வழி திறந்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. அவர் பிழை செய்தால் மட்டும் கேட்பர்.

அந்த முன்வரிசையில் ஒருவராக நின்று, பின்னாளில் அதனைப் பயிற்றுவிப்பதையே வாழ்வின் பெரும்பணியாகக் கொண்டவர் வின்ஸ் லொம்பார்டி.

இறைச்சிக் கடைக்காரரின் மகன்

லொம்பார்டி 1913ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தார். தந்தை இத்தாலியிலிருந்து சிறுவனாகக் குடிபெயர்ந்து வந்தவர். இறைச்சி வணிகம் செய்தார். ஐந்து பிள்ளைகளுள் வின்ஸ் மூத்தவர். அத்தந்தை தம் ஒரு கை விரல்களில் உழைப்பு என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையும், மறு கை விரல்களில் விளையாட்டு என்பதற்குரிய சொல்லையும் பச்சை குத்தியிருந்தார். ஆங்கிலத்தில் இரண்டும் நான்கெழுத்துச் சொற்கள். ஆதலால் விரலுக்கோர் எழுத்தாக அழகாய் அமைந்தன. அக்கைகளைப் பார்த்து வளர்ந்த மகன், பிற்காலத்தில் அவ்விரண்டையும் பிரித்தறியாதவராகவே வாழ்ந்தார்.

வின்ஸ் முதலில் கத்தோலிக்கப் பாதிரியாராக விரும்பினார். அதற்குரிய பள்ளியில் நான்கு ஆண்டுகள் பயின்றபின், அப்பாதை தமக்குரியதன்று என உணர்ந்து விலகினார். சமயப் பற்று மட்டும் இறுதிவரை அவரை விட்டு நீங்கவில்லை. 1933இல் நியூயார்க்கின் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு உதவித்தொகையுடன் சேர்ந்தார்.

ஃபோர்டம் அணியில் அவருக்குக் கிடைத்தது வலப்புறக் கார்டு என்னும் இடம். அவருடைய எடை 85 கிலோவுக்கும் குறைவு, உயரமும் மிகுதியன்று. எதிரே நின்றவர்களோ அவரினும் பெரியவர்கள். பெரியவனைச் சிறியவன் நகர்த்துவது எங்ஙனம்? அவனினும் தாழ்ந்து நிற்க வேண்டும். அவன் நிமிர்வதற்குள் அவன் மார்புக்குக் கீழே தன் தோளைச் செலுத்த வேண்டும். செலுத்தியபின் கால்களை நிறுத்தாமல் சிற்றடிகளாக எடுத்துவைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அக்காலத்து விதிப்படி, மறிப்பவர் கைகளை நீட்டித் தள்ளுதல் கூடாது. கைகளை மார்போடு அணைத்தபடி தோளால்தான் மோத வேண்டும். ஆகவே தாழ்ந்து முந்துபவனுக்கே வெற்றி. இவ்வுண்மையை லொம்பார்டி நூலில் கற்கவில்லை. தம் உடம்பில் கற்றார்.

1936இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக அணியுடன் நிகழ்ந்த ஆட்டத்தில் அவர் வாயில் பலத்த காயம் பட்டது. வாயினுள் பல தையல்கள் போட நேர்ந்தது. ஆயினும் அவர் களத்தில் போராடினார். இரு அணிகளும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஃபோர்டமின் ஏழு முன்வரிசை வீரர்களைக் கருங்கற்கள் ஏழு என்று நாளிதழ்கள் போற்றின. அக்காலத்தில் தாக்கும்போதும் தடுக்கும்போதும் அதே வீரர்களே ஆடினர். ஆதலால் அவ்வெழுவரும் ஆட்டம் முழுதும் ஓய்வின்றி நின்றனர். அதே பருவத்தின் இறுதியில், எளிதாக வெல்லலாம் என்று எண்ணிய ஆட்டமொன்றில் 7க்கு 6 என ஃபோர்டம் தோற்றது.

வகுப்பறையும் களமும்

பட்டம் பெற்றபின் சில காலம் தடுமாற்றம். நிதி நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். சட்டம் படிக்கத் தொடங்கி இடையில் நிறுத்தினார். 1939இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் எங்கிள்வுட் நகரில், செயின்ட் சிசிலியா உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியரானார். இலத்தீன், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றைக் கற்பித்ததோடு, தம் பழைய அணித்தோழர் ஒருவரின்கீழ்த் துணைப் பயிற்சியாளராகவும் பணியாற்றினார். 1942இல் தலைமைப் பயிற்சியாளரானார். அப்பள்ளியில் எட்டு ஆண்டுகள் கழிந்தன.

வரலாற்று ஆசிரியர்கள் அவ்வெட்டு ஆண்டுகளை இரண்டொரு பத்திகளில் முடித்துவிடுவது உண்டு. லொம்பார்டி என்னும் பயிற்சியாளர் உருவானதே அங்கேதான் என்று கருத இடமிருக்கிறது. வகுப்பில் மிக மெதுவாகக் கற்கும் மாணவனுக்கு விளங்கும்வரை அவர் பாடத்தை நகர்த்துவதில்லை; ஒன்றையே பலமுறை, பலவிதமாகச் சொல்வார். களத்திலும் அதே முறையைக் கைக்கொண்டார். இயற்பியல் ஆசிரியர் ஒருவர் முன்வரிசையைப் பயிற்றுவிப்பது பொருத்தமே அன்றோ? எடை, கோணம், உந்துவிசை ஆகியவையே அவ்விரண்டு இடங்களிலும் பேசப்பட்டவை.

1949இல் அமெரிக்க இராணுவத்தின் வெஸ்ட் பாயிண்ட் கல்லூரி அவரை முன்வரிசைப் பயிற்சியாளராக அழைத்துக்கொண்டது. அங்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர் ரெட் பிளேக். ஆட்டப் படச்சுருளை முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு வீரரின் ஒவ்வோர் அடியையும் ஆராயும் பழக்கத்தை லொம்பார்டி அவரிடம் கற்றார். தேவையற்றதை நீக்கி, எஞ்சியதைப் பிழையறச் செய்தல் என்பதே பிளேக்கின் வழி. 1954இல் நியூயார்க் ஜயண்ட்ஸ் என்னும் தொழில்முறை அணிக்கு லொம்பார்டி துணைப் பயிற்சியாளராகச் சென்றார். தாக்கும் பிரிவு அவர் பொறுப்பு. தடுக்கும் பிரிவு டாம் லாண்ட்ரி என்பவர் பொறுப்பு. 1956இல் அவ்வணி நாட்டின் சாம்பியன் பட்டம் வென்றது. லாண்ட்ரி என்னும் இப்பெயரை நினைவில் கொள்க, மீண்டும் வருவார்.

நாற்பது வயதைக் கடந்தும் தலைமைப் பொறுப்பு வாய்க்கவில்லை. தம் இத்தாலியப் பெயரே தடையாக நிற்கிறதோ என்னும் ஐயம் அவர் உள்ளத்தில் இருந்தது.

கிரீன் பே நகரில்

விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே சிறு நகரம். அக்காலத்தில் ஏறத்தாழ 62,000 மக்களே அங்கு வாழ்ந்தனர். அதன் பேக்கர்ஸ் அணி எந்தச் செல்வருக்கும் உரியதன்று; பங்குகள் வாங்கிய பொதுமக்களுக்கே உரியது. 1958இல் அவ்வணி ஆடிய 12 ஆட்டங்களில் வென்றது ஒன்றே ஒன்று. சமனில் முடிந்தது ஒன்று. எஞ்சிய பத்தும் தோல்வி. 1959இல் லொம்பார்டி அதன் தலைமைப் பயிற்சியாளராகவும் மேலாளராகவும் பொறுப்பேற்றார். வயது 45.

அவ்வணியில் திறமை இல்லாமல் இல்லை. ஜிம் ரிங்கோ என்னும் சென்டர், ஃபாரஸ்ட் கிரெக் என்னும் டேக்கிள், ஜெர்ரி கிராமர் என்னும் வலப்புறக் கார்டு ஆகியோர் முன்னரே அங்கு இருந்தனர். ஃபஸ்ஸி தர்ஸ்டன் என்னும் இடப்புறக் கார்டை லொம்பார்டி வரவழைத்தார்.

பயிற்சி கடுமையாக இருந்தது. நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். கட்டளை கேட்டவுடன் நெஞ்சு தரையில் படும்படி விழ வேண்டும். உடனே எழுந்து மீண்டும் ஓட வேண்டும். இரும்புச் சட்டத்தில் மெத்தைகள் பொருத்திய பொறியை முன்வரிசையினர் தோளால் தள்ளும்போது, அதன்மீது ஏறி நின்றுகொண்டு லொம்பார்டி உரக்கக் கத்துவார். குறித்த நேரத்திற்குக் கால்மணி முன்னதாக வராதவர் தாமதமாக வந்தவராகவே எண்ணப்பட்டார்.

ஆனால் கடுமையால் மட்டும் ஓர் அணி வென்றுவிடாது. அவர் கற்பித்தது என்ன என்பதை இனிக் காண்போம்.

ஒரே ஓர் உத்தி

லொம்பார்டியின் அணிக்கு ஸ்வீப் என்னும் உத்தியே உயிர்நாடி. துடைப்பத்தால் பெருக்குவதுபோல் எதிரணியை ஒருபுறமாக ஒதுக்கிவிட்டு ஓடுவது என்று கொள்ளலாம். வலப்புறம் ஓடுவதாக வைத்துக்கொள்வோம். பந்து நகர்ந்தவுடன் இரண்டு கார்டுகளும் எதிரில் நிற்பவரை மோதுவதில்லை. ஓரடி பின்வாங்கித் திரும்பி, தம் வரிசைக்குப் பின்னாலேயே வலப்புறமாக ஓடுவர். வரிசையின் ஓரத்தை அடைந்ததும் முன்னோக்கித் திரும்புவர். முதல் கார்டு வெளிப்புறமாக நிற்கும் தடுப்பாளரை மேலும் வெளியே தள்ளுவார். இரண்டாம் கார்டு உட்புறமாகப் பார்த்து, அங்கிருந்து ஓடிவரும் தடுப்பாளரை மறிப்பார். இரு மதில்களுக்கு நடுவே ஒரு சந்து உண்டாகும். பந்தை ஏந்தியவர் அச்சந்தில் நுழைவார்.

சொல்வதற்கு எளிது. கார்டு விட்டுச்சென்ற இடத்தில் எதிரணியின் வலியவர் ஒருவர் தடையின்றி நிற்கிறார் அல்லவா? அவரை அருகிலுள்ள சென்டர் எட்டிப்பிடித்து மறிக்க வேண்டும். தொடங்கும் கணத்தில் ஓரடி தவறினாலும் அது இயலாது. ஐவருள் மிகக் கடினமான பணி சென்டருடையதே எனலாம். ரிங்கோ பெரிய உடம்பினர் அல்லர். விரைவினால் அதனைச் செய்தார்.

இன்னொரு நுட்பம் உண்டு. எதிரியை இன்ன திசையில் தள்ளு என்று முன்கூட்டியே கட்டளையிடுவதே பழைய வழக்கம். எதிரி அதே திசையில் வலிந்து நின்றால் மோதல் நீளும், வழி அடைபடும். லொம்பார்டி இதனை மாற்றினார். எதிரி எப்பக்கம் போக முனைகிறானோ அப்பக்கமே அவனைத் தள்ளிக்கொண்டு போ என்றார். அவன் வலிமை அவனுக்கே பகையாகும். பின்னால் ஓடி வருபவர் எப்பக்கம் வெளி தெரிகிறதோ அப்பக்கம் திரும்பிக்கொள்வார். இதனால் முன்வரிசை வீரர் ஏவியதைச் செய்யும் ஆள் என்ற நிலையிலிருந்து, கண நேரத்தில் முடிவெடுப்பவர் என்ற நிலைக்கு உயர்ந்தார்.

இந்த ஓர் உத்தியைப் பற்றி மட்டும் அவர் எட்டு மணி நேரம் விரிவுரை ஆற்றியதுண்டு என்பர். அவ்வுரையைக் கேட்ட இளம் பயிற்சியாளர்களுள் ஜான் மேடன் ஒருவர். பின்னாளில் அவரே புகழ்பெற்ற பயிற்சியாளரானார். எதிரணிகளுக்கும் ஸ்வீப் வரும் என்பது நன்கு தெரியும். தெரிந்தும் தடுக்க இயலவில்லை. மறைப்பதில் அன்று, பிழையின்மையில்தான் லொம்பார்டி நம்பிக்கை வைத்தார்.

சினமும் அன்பும்

லொம்பார்டி வந்த தொடக்க நாள்களில் ஒரு பயிற்சி. கிராமர் பந்து நகர்வதற்கு முன்னரே பாய்ந்துவிட்டார். அது குற்றம். லொம்பார்டி ஓடிவந்து, முகத்துக்கு நேர் நின்று, மழலையர் பள்ளிக் குழந்தைக்குள்ள கவனம்கூட அவருக்கு இல்லை என்னும் பொருள்படக் கடிந்துகொண்டார். பயிற்சி முடிந்ததும் கிராமர் உடைமாற்றும் அறையில் தலையைத் தாங்கியபடி அமர்ந்திருந்தார். இவ்விளையாட்டே வேண்டாம் என்று விலகிவிடலாமா என்பது அவருடைய எண்ணம். அப்போது உள்ளே வந்த லொம்பார்டி, அவர் பிடரியில் தட்டி, தலைமுடியைக் கலைத்து, ஒருநாள் நீ இந்நாட்டின் தலைசிறந்த கார்டு ஆவாய் என்னும் கருத்தில் ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போய்விட்டார். தம் ஆட்டவாழ்வு அந்த நொடியில்தான் திசை திரும்பியது என்று கிராமர் பின்னர்ப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார்.

சினத்தை மட்டும் பார்த்து லொம்பார்டியைப் பின்பற்ற முயன்ற பயிற்சியாளர் பலர். முடியைக் கலைத்த கையை அவர்கள் கவனிக்கவில்லை. அதே வேளையில், எல்லா வீரருக்கும் அவர் முறை ஏற்றதாக இருந்தது என்றும் சொல்ல முடியாது. குவாட்டர்பேக் பார்ட் ஸ்டார், பிற வீரர்முன் தம்மைக் கடிந்துகொண்டால் அவர்கள் தம்மை மதிக்கமாட்டார்கள் என்று அவரிடம் தனியே சென்று முறையிட்டார். லொம்பார்டி அதனை ஏற்றார்; அதன்பின் ஸ்டாரை வெளிப்படையாகக் கண்டிக்கவில்லை. களத்திற்குக் கொடுத்த நேரத்தை அவரால் வீட்டிற்குக் கொடுக்க முடியவில்லை என்பதும் அவர் வாழ்வின் ஒரு பக்கம்.

ஒன்றில் அவர் சற்றும் தளரவில்லை. கறுப்பின மக்கள் பல இடங்களில் இழிவாக நடத்தப்பட்ட காலம் அது. தம் கறுப்பின வீரர்களைச் சமமாக நடத்தாத உணவகம் எதுவாயினும், அதில் அணியின் எவரும் கால் வைத்தல் கூடாது என்று நகரத்தாருக்கு அறிவித்துவிட்டார்.

பேக்கர்ஸ் 1960இல் இறுதி ஆட்டத்தில் ஃபிலடெல்ஃபியாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு ஜயண்ட்ஸ் அணியை 37க்கு 0 என வென்று சாம்பியன் ஆனது. 1962, 1965, 1966 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் அவர்களுக்கே.

உறைபனி ஆட்டம்

1967ஆம் ஆண்டு டிசம்பர் 31. கிரீன் பேயின் லாம்போ அரங்கில் சாம்பியன் பட்டத்திற்கான ஆட்டம். எதிரணி டல்லாஸ் கௌபாய்ஸ். அதன் பயிற்சியாளர், முன்பு லொம்பார்டியுடன் ஒரே அணியில் பணியாற்றிய டாம் லாண்ட்ரி. வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 25 டிகிரி செல்சியஸ். திடலின் அடியில் மின்சூடேற்றிக் கம்பிகளை லொம்பார்டி பதித்திருந்தார். அன்று அவை கைகொடுக்கவில்லை. தரை கண்ணாடிபோல் இறுகியது. நடுவர்களின் ஊதல் உறைந்துபோனமையால் அவர்கள் குரலாலேயே ஆட்டத்தை நடத்தினர். அக்குளிரிலும் 50,000 பேருக்கு மேல் அமர்ந்திருந்தனர்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடத்திற்கும் குறைவாக இருந்தபோது டல்லாஸ் 17, கிரீன் பே 14. பேக்கர்ஸ் 68 கெஜம் கடக்க வேண்டும். சிறிது சிறிதாக முன்னேறி இறுதிக்கோட்டிற்கு ஒரு கெஜத்திற்குள் வந்தனர். இருமுறை முயன்றும் ஓடியவரின் கால்கள் பனியில் வழுக்கின. எஞ்சியிருந்தவை 16 நொடிகள். அத்துடன் ஆட்டத்தை நிறுத்திக் கேட்கும் உரிமையும் தீர்ந்துவிட்டது. பந்தை உதைத்து மூன்று புள்ளிகள் எடுத்தால் சமன், ஆட்டம் நீளும். ஓடித் தோற்றால் அடுத்த முயற்சிக்குள் நேரமே முடிந்துவிடலாம்.

பின்னாலிருந்து ஓடிவருபவர் வழுக்குகிறார். ஆகவே தாமே பந்துடன் கோட்டைக் கடப்பதாக ஸ்டார் கூறினார். லொம்பார்டி இசைந்தார். அவ்வாரத்தில் படச்சுருளை ஆராய்ந்தபோது, டல்லாஸின் ஜெத்ரோ பியூ கோட்டருகே சற்று நிமிர்ந்து நிற்கிறார் என்று கிராமர் கண்டு சொல்லியிருந்தார். நிமிர்ந்து நிற்பவரின் மார்புக்குக் கீழே நுழையலாம் அன்றோ! கிராமர் உறைந்த தரையில் காலூன்ற ஒரு சிறு பள்ளத்தைக் கண்டுகொண்டார். பந்து நகர்ந்தது. கிராமரும் சென்டர் கென் போமனும் பியூவைத் தாழ்ந்து மோதிப் பின்னே தள்ளினர். திறந்த அச்சிறு வழியில் ஸ்டார் விழுந்து கோட்டைக் கடந்தார். 21க்கு 17. எஞ்சியவை 13 நொடிகள்.

அந்த மோதலைத் தொலைக்காட்சி மீண்டும் மீண்டும் காட்டியது. முன்வரிசை வீரர் ஒருவரின் பெயர் நாடெங்கும் பேசப்பட்டது. கிராமர் நொடிக்குக் குறைவான நேரம் முந்திப் பாய்ந்துவிட்டார் என்று டல்லாஸ் அன்பர்கள் இன்றும் வாதிடுவர். போமனுக்கு உரிய பங்கு முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது என் கருத்து. அது அவ்விடத்தின் இயல்புபோலும்.

இறுதி ஆண்டுகள்

இரண்டு வாரங்களுக்குப்பின், சூப்பர் பவுல் என்று பின்னர் வழங்கலான ஆட்டத்தில் பேக்கர்ஸ் ஓக்லண்ட் அணியையும் வென்றது. முந்தைய ஆண்டு நடந்த முதல் சூப்பர் பவுலும் அவர்களுடையதே. ஏழு ஆண்டுகளில் ஐந்து சாம்பியன் பட்டங்கள் வென்ற லொம்பார்டி, 1968இன் தொடக்கத்தில் பயிற்சியாளர் பொறுப்பினின்று விலகினார். ஓராண்டு மேலாளராக மட்டும் இருந்து பார்த்தார். களத்தை விட்டிருக்க மனம் ஒப்பவில்லை. 1969இல் வாஷிங்டன் அணியை ஏற்று, தொடர்ந்து சரிந்து கிடந்த அவ்வணியை அவ்வாண்டே நிமிர்த்தினார்.

மறு ஆண்டில் புற்றுநோய் அவரைப் பற்றியது. 1970ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், 57ஆம் வயதில், வாஷிங்டனில் காலமானார். நியூயார்க்கின் செயின்ட் பேட்ரிக் பேராலயத்தில் இறுதி வழிபாடு நடைபெற்றது. பழைய வீரர்கள் திரண்டு வந்தனர்.

சூப்பர் பவுல் வெல்லும் அணிக்கு ஆண்டுதோறும் அளிக்கப்படும் வெள்ளிக் கோப்பை அவர் பெயரையே தாங்குகிறது. அதனை அனைவரும் அறிவர். 1970இல் அவர் பெயரால் இன்னொரு பரிசும் நிறுவப்பட்டது. அது கல்லூரி அணிகளில் ஆடும் முன்வரிசை வீரர்களுக்கும் அவர்களை ஒட்டி நிற்கும் தடுப்பாளர்களுக்கும் உரியதாக அமைக்கப்பட்டது. பரிசாக வழங்கப்பட்டது ஒரு கருங்கல்.